ஆடியில் முகூர்த்தம் இல்லை

செங்கோட்டையில் எனக்குக் கல்யாண வீடியோ வேலை.
தாலி ஏறும் நொடியை
இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் தவறவிட்டதில்லை.
அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.
யாராவது விரலை உயர்த்தி ஆட்டுவார்,
தவில் இடியும்,
கேமரா தானாகக் கழுத்துக்குப் போய்விடும்.

புளியரையில் ஜாஸ் விழா என்றார்கள்.
சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்,
லாரிகள் தூங்கும் மைதானம், ஆடியில் மூன்று ராத்திரி.
ஆடியில் எனக்கும் வேலை கிடையாது.
சரி என்றேன்.

ஆன்சலம் புனலூர்க்காரர்.
பதினோரு வருஷம் கப்பலில் சாக்ஸபோன் வாசித்தவர்.
மேடையிலும் லேசாகச் சாய்ந்துதான் நிற்பார்,
பலகை எந்நேரமும் சரியக்கூடும் என்பதுபோல.

முதல் வருஷ ஃபைலில்
சாக்ஸின் பொத்தான்களாகவே இருக்கிறது.
ஒட்டியாணம் காட்டுகிற மாதிரி
கீழிருந்து மேலே, நிதானமாக.
எங்கே தொடங்கும், எங்கே உச்சிக்குப் போகும்,
விரல் ஆட்ட ஆளில்லை.
பேட்டரி மாற்றக் குனிந்தபோது ஜனம் கத்தியது.
தாலி ஏறிவிட்டது என்று மட்டும் புரிந்தது.
நிமிர்ந்தால்
அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் இரண்டு கேமரா.
மைதீன் பிச்சை பக்கவாட்டில், நான் நேரே.
செத்தாலும் முகத்தை விட்டு நகர்வதில்லை என்று நின்றேன்.
அவர் வாசிக்கவே இல்லை.
நாலு நிமிஷம் பதினெட்டு நொடி
டிரம்ஸ் பையன் வாசித்தான்,
இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.
கன்னத்தில் ஒரு கொசு. அதையும் அடிக்கவில்லை.

விழாப் பொருளாளருக்கு ரப்பர் ஷீட் வியாபாரம்.
'சும்மா நிக்கதுக்கா ரூவா கொடுத்தோம், வெட்டும்' என்றார்.
வெட்டினேன்.
என் கம்ப்யூட்டரில் மட்டும் அது முழுசாகக் கிடக்கிறது.
சாப்பிடும்போது போட்டுப் பார்ப்பேன்.
ஒரு மனுஷன் கேட்பதை
அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.
கல்யாண வீட்டில் யார் எதைக் கேட்கிறார்கள்?

மூன்றாம் வருஷம்
ஆரியங்காவுக் கணவாயிலிருந்து இறங்கிய காற்று
மேடைத் துணியை உரித்துக்கொண்டு போனது.
ஏழு நாற்பதுக்குக் கரண்ட்டும் போனது.
பாதிப் பேர் செருப்பைத் தேடினார்கள்.
ஆன்சலம் நிறுத்தவில்லை.
மைக் இல்லை, லைட் இல்லை,
என் கேமராவின் சிவப்புப் பொட்டு மட்டும்.

பதினோரு நிமிஷம் படம் முழுக்கக் கறுப்பு.
காற்றுச் சத்தத்தை நீக்க ஒரு பொத்தான் உண்டு.
அமுக்கினேன்.
காற்று போனது, கூடவே அவர் மூச்சும் போனது.
பொத்தானுக்கு இரண்டும் ஒன்றுதான்.
பித்தளை மட்டும் மிஞ்சி நின்றது,
பாத்திரக்கடையில் அடுக்கி வைத்த மாதிரி.

காற்றைத் திரும்பக் கொண்டுவந்தேன்.
சாவடியில் ஒரு லாரி ஹார்ன் அடிக்கிறது.
அவர் அதை வாங்கி, கொஞ்சம் வளைத்து,
இருந்த இடத்துக்கே அனுப்புகிறார்.
டிரைவர் மறுபடி அடிக்கிறான்,
இப்போது வேறு மாதிரி.
அப்போது மைக்குக்கு ஒரு சாண் தள்ளி
யாரோ 'ம்ம்' என்று முனகுகிறார்கள்.
யாருடே இது, என்றேன்.
மைதீன் பிச்சை டீயை வைத்துவிட்டுச் சொன்னான்:
'அண்ணாச்சி, அது நீங்கதான்.'

ஆவணி முதல் முகூர்த்தம் இலஞ்சிக் கோயிலில்.
விரல் உயர்ந்தது.
நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் பொருத்தி
மூச்சை உள்ளே இழுத்தார்.
கேமரா அவரிடமே நின்றுவிட்டது.
அரிசி என் முதுகில் விழுந்தது.

பெண்ணைப் பெற்றவர் ஒன்பதாயிரம் பாக்கி.
கேட்க எனக்கு வாய் வரவில்லை.
மாப்பிள்ளையின் தம்பி செல்போனில் எடுத்ததை வாங்கி
ஆல்பத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.
அதில் தாலி தெரிகிறது.
கப்பலில் எடுத்ததுபோல
கொஞ்சம் ஆடுகிறது.